பின்பக்கம் எழுதாத அட்டைகள்

என்னங்க, ஸ்தோத்திரம்.

வேதக் கல்லூரிப் பரீட்சைக்கு நீங்கள் கேட்ட கிரேக்கச் சொல் அட்டைகளை இத்துடன் அனுப்புகிறேன். எழுதி எழுதி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. லூப்பே என்றால் துக்கம், த்லிப்சிஸ் என்றால் உபத்திரவம், பெந்தோஸ் என்றால் இறந்தவருக்காக அழுவது.

நேற்று போனில் நான் கேட்கக் கேட்க அத்தனைக்கும் சரியாகப் பொருள் சொல்லி, "பாஸாயிருவேன்லா!" என்று வைத்துவிட்டீர்கள்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகிறேன். கங்காணி என்னை மேட்டுச் சரிவுக்கு அனுப்பவில்லை. "உடம்பு தேவலையாம்மா?" என்று அவர்தான் கேட்டார்.

அட்டை வாங்க தானா ராத்தா டவுனுக்குப் போகவில்லை. கிளினிக்கில் தந்த கர்ப்பகாலப் புத்தகத்தைத்தான் வெட்டினேன். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அதில் எழுத ஒன்றுமில்லையே.

பொருளைப் பின்பக்கம் எழுதச் சொன்னீர்கள். நான் எழுதவில்லை. அங்கே குழந்தையின் இதயத்துடிப்புக்கென்று அச்சடித்த கட்டங்கள் காலியாக இருக்கின்றன. திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி