ஆளில்லாத் தீவில் ஓர் ஆள்

டிசம்பர் 2, செவ்வாய்

மழை விட்டது. மழை, கழி, கிழவன். மூன்று ‘ழ’வும் இன்று வளைந்து நன்றாக வந்தன. கிழவன் என்பது நான்தான்.

அம்சவல்லி டீச்சர் முதியோர் வகுப்பு முடியும்போது சொன்னது: “தெனம் ஒரு வரியாவது எழுதுங்க ஐயா. இல்லாட்டி கை மறந்துடும்.” எழுபது வயதுக்கு மேல் படித்த கை. மறக்க விடுவேனா?

ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் உலையில் சோறு குழைந்துவிட்டது. பரவாயில்லை. எழுத்து குழையவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

நான் இருக்கும் இடத்தைப் பற்றி எழுதவே இல்லையே. மரக்காணத்து உப்பளத்துக்கு எதிரே, கழி என்கிற உப்புத் தண்ணீருக்கு நடுவில் ஒரு மணல் மேடு. நாங்கள் நரித்திட்டு என்போம். ரிசார்ட்காரர்கள் வந்த பிறகு இது தீவு. நீலச் சாயம் அடித்த குடில்கள். லாரியில் வந்து படகேறிய தென்னை மரங்கள். நான் காவல். தென்னைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நான்.

என் மனைவி லட்சுமி போன பிறகு வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இங்கே நாலு பேர் வந்து போவார்கள் என்றார்கள். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

சாயங்காலம் மரியதாஸ் அக்கரைக்கு வந்து குரல் கொடுத்தான்.

“யாரு?”

“ஆளு!” என்றேன்.

இது எங்கள் உப்பளத்து வழக்கம். விடியும் முன்பே பாத்திக்குப் போவோம். வரப்பில் எதிரே காலடி கேட்டால் “யாரு?” என்று கேட்க வேண்டும். பெயர் சொல்வதில்லை. ஒருவர் என்றால் “ஆளு”. இருவர் என்றால் “ரெண்டாளு”. வரப்பு குறுகல். எத்தனை பேருக்கு ஒதுங்க வேண்டும் என்று எதிரே வருகிறவருக்குத் தெரிய வேண்டுமே. லட்சுமியும் நானும் போகும்போது அவள்தான் பதில் சொல்வாள். “ரெண்டாளு!” கணீர் என்று இருக்கும்.

மரியதாஸ் என்னோடு உப்பு வாரியவன். அவன் பிள்ளைகள் சென்னையில். அவனும் ஒற்றை ஆள். பொங்கல் கழித்து இன்னொரு காவல்காரர் போடுவதாக மேனேஜர் ஜான்சன் சொல்லியிருக்கிறார். அது மரியதாஸ்தான் என்று பேசி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

கரையிலிருந்து நேராக வந்தால் படகு ஒரு பீடி பற்றவைப்பதற்குள் வந்துவிடும். ஆனால் விருந்தாளிகளை ஏற்றினால் கழியை ஒரு சுற்றுச் சுற்றித்தான் கூட்டிவர வேண்டுமாம்.

“நேரா வந்தா அது தீவுன்னு எவன் நம்புவான் பெரியவரே?” என்றார் ஜான்சன்.

கோடையில் முழங்கால் சேற்றில் நடந்தே வரலாம். அதை யாரிடமும் சொல்லக் கூடாது. எழுதலாம் அல்லவா? எழுதிவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

படகுத் துறையில் பெயிண்டர் போர்டு எழுதினார். அவர் எழுத எழுத நான் பின்னால் நின்று படித்தேன். ஆ. ளி. ல். லா. த். தீ. வு. ஒரு தப்பு இல்லை!

“படிக்கத் தெரியுமா பெருசு?” என்று கேட்டார்.

“தெரியும்” என்றேன். இந்தக் கேள்விக்கு என் ஆயுளில் முதல் முறையாக இந்தப் பதில்.

கீழே இன்னொரு வரி. ‘நீங்களும் கடலும் மட்டும்.’ அதையும் படித்தேன்.

மத்தியானம் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் அர்த்தம் வந்தது. குடம் கையிலேயே நின்றுவிட்டது. ஆள் இல்லாத தீவு. அப்போ தண்ணி ஊத்துறது யாரு?

டிசம்பர் 14, ஞாயிறு

ஜான்சனிடம் கேட்டேன். சிரித்தார்.

“அது விளம்பரம் தாத்தா. சிட்டில ஆளுங்க தொல்ல தாங்காமத்தான் இங்க வர்றாங்க. கெஸ்ட் வந்தா நீங்க பின்னாடி கொட்டாயிலயே இருங்க. கண்ணுல மட்டும் பட்டுடாதீங்க.”

ஆட்கள் வருவார்கள் என்று நான் வந்தேன். ஆள் இருக்கக் கூடாது என்று அவர்கள் வருகிறார்கள்.

டிசம்பர் 20, சனி

விருந்தாளிகள் வந்தார்கள். சிரிக்கிற சத்தம் கொட்டகை வரை கேட்டது. என்ன வேடிக்கை என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

மரியதாஸ் படகுக்காரரிடம் கேக் கொடுத்தனுப்பியிருந்தான். கேக் சுற்றிய பேப்பரை முழுவதும் படித்தேன். மனை விற்பனைக்கு என்று இருந்தது. கிழக்கு பார்த்த மனையாம். கேக்கை விட அது நேரம் பிடித்தது.

ஜனவரி 4, ஞாயிறு

‘ஔ’ வருகிற சொல் எனக்கு இன்னும் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. எல்லா எழுத்துக்கும் வேலை இருக்கிறது. அது மட்டும் வரிசையின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சும்மா ஒரு தடவை எழுதினேன். ஔ.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று ஒரு வரி போதாது. நிறைய எழுத வேண்டும்.

நேற்று ஒரு பெண் பிள்ளை தனியாக வந்திருந்தது. பெயர் அருள்மொழி என்று படகுக்காரர் சொன்னார். சென்னையில் ஏதோ கம்பெனியில் வேலை. இன்று காலையில் பனி என்றால் பனி, கை நீட்டினால் விரல் தெரியவில்லை. அந்த நேரத்தில் தண்ணீர்ப் பக்கமிருந்து குரல்.

“யாராவது இருக்கீங்களா? ஹலோ... யாராவது!”

பறவை பார்க்கக் கழியில் இறங்கியிருக்கிறது. பனி மூடிவிட்டது. திட்டு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. போகப் போக ஆழம்.

எழுந்தேன். உட்கார்ந்தேன். கண்ணுல படாதீங்கன்னு சொல்லிருக்காரே. வேலையை விட்டு எடுத்துட்டா? மரியதாசும் வர முடியாமப் போயிடுமே. மறுபடி குரல் கேட்டது. அழுகிற குரல். அப்போதுதான் தோன்றியது. கண்ணில்தானே படக் கூடாது? காதில் படலாமே!

“ஆளு!” என்று கத்தினேன்.

“எங்க? எங்க இருக்கீங்க?”

“ஆளு! ஆளு! சத்தத்துக்கு வாம்மா! ஆளு!”

தொண்டை கிழிய அதையே கத்தினேன். வேறு சொல் வாயில் வரவில்லை. கடைசியில் பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் துண்டைப் பிடித்தது. இடுப்பு வரை சேறு.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு அந்தப் பிள்ளை கேட்டது: “இங்க ஆளே இல்லன்னு போட்டிருந்தாங்களே?”

“ஆமாம்மா. போட்டிருக்காங்க.”

“அப்ப நீங்க?”

“நான் அந்த போர்டப் படிச்ச ஆளு” என்றேன். சேற்றோடு உட்கார்ந்து அப்படிச் சிரித்தது. இந்தத் தடவை என்ன வேடிக்கை என்று எனக்கும் தெரிந்திருந்தது.

படகு வரும் வரை பேசிக்கொண்டிருந்தோம். லட்சுமியைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

ஜனவரி 13, செவ்வாய்

ஜான்சன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறதாம். அவரே படித்துக் காட்டினார். “ஆளில்லாத் தீவில் ஓர் ஆள் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் இன்று நான் இல்லை.”

“என்ன தாத்தா பண்ணி வெச்சிருக்கீங்க? போர்டே பொய்யாயிடுச்சு!”

போனை வாங்கி நானும் ஒரு முறை படித்தேன். ‘ஓர் ஆள்’. அது நான். முதல் முறையாக என்னைப் பற்றி யாரோ எழுதியதை நானே படிக்கிறேன். ஜான்சன் திட்டிக்கொண்டேயிருந்தார். எனக்குக் கோபமே வரவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அரிசி ஒரு கைப்பிடி. பொங்கும்போது “பொங்கலோ பொங்கல்” என்று சொல்ல வேண்டும். ஒற்றை ஆளாகச் சொல்வதற்கு என்னவோ மாதிரி இருந்தது. மெதுவாகச் சொன்னேன்.

கொட்டகையில் மரியதாஸ் கட்டிலுக்கு இடம் ஒதுக்கிப் பெருக்கி வைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வேலை போகவில்லை! ஜான்சன் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தப் பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். போட்டோகிராபரும் கூட வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். தலைப்பாகை கட்டச் சொன்னார். கையில் வலையைக் கொடுத்தார்.

“எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதுங்க. நான் உப்பளத்து ஆளு.”

“சும்மா புடிங்க தாத்தா. வல இருந்தாத்தான் தீவு ஆளு மாதிரி இருக்கும்.”

தலைகீழாகப் பிடித்தேன் என்று படகுக்காரர் பிறகு சொன்னார்.

ஜனவரி 24, சனி

பழைய போர்டை அழித்துப் புதிதாக எழுதினார்கள். ‘ஒரே ஒரு ஆள் வாழும் தீவு.’ இதையும் எழுத்து எழுத்தாகப் படித்தேன். வாழும் என்பதில் ழ. அழகாகப் போட்டிருந்தார். அந்த ஆள் நான்தான் என்று பெயிண்டரிடம் சொன்னேன்.

“அப்ப மரியதாஸ் எப்ப வரட்டும்?” என்று ஜான்சனிடம் கேட்டேன்.

“அது முடியாது தாத்தா. ரெண்டு பேரு இருந்தா போர்டு பொய்யாயிடும்ல?”

முன்னாடி பொய்யா இருந்தப்ப என்னை ஒளியச் சொன்னீங்க. இப்ப பொய்யாயிடும்னு அவன வரக் கூடாதுங்கறீங்க. இதைக் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

மரியதாஸ் அக்கரையில் நின்றான். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. “இல்லையாம்டா!”

துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு, “சர்தான் போடா சடையப்பா, பெரிய தீவு ராஜா!” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். குரலை வைத்து எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 8, ஞாயிறு

வருகிறார்கள். போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். “தனியா இருக்க பயமா இல்லையா தாத்தா?” என்று எல்லாரும் இதே கேள்விதான். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் போட்டோ முடிந்துவிடுகிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

வலை. தலைப்பாகை.

பிப்ரவரி 19, வியாழன்

விருந்தாளிகள் இல்லை. மரியதாசுக்காகப் பெருக்கி வைத்த இடத்தில் மணல் சேர்ந்துவிட்டது. மறுபடி பெருக்கினேன். எதற்கு?

மார்ச் 3, செவ்வாய்

கழி வற்றிவிட்டது. விடியற்காலை கண் விழித்ததும் சத்தம். சேற்றில் காலை இழுத்து இழுத்து யாரோ வருகிறார்கள். பாதித் தூரத்தில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அங்கிருந்தே குரல் வந்தது.

“யாரு?”

மரியதாஸ்தான். வாயைத் திறந்தேன். ஆளு என்று சொல்ல வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒற்றை ஆளு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது போல.

“டேய், இருக்கியா இல்லியாடா?” என்று கத்தினான். பயந்துவிட்டான்.

“இருடா, வர்றேன்” என்றேன். வேட்டியை மடித்துக் கட்டி, இந்த நோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். தென்னைக்கு நேற்றே தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

இப்போது எழுதுவது மரியதாஸ் வீட்டில். அவன் குறட்டையை எழுத எந்த எழுத்தும் சரிப்படவில்லை. கடைசியில் ஔ சரியாக இருந்தது. ஔ... ஔ... ஔ... அதற்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஜான்சன் இரண்டு முறை ஆள் அனுப்பினார். போகவில்லை. போர்டு அப்படியேதான் இருக்கிறதாம், ‘ஒரே ஒரு ஆள் வாழும் தீவு’ என்று. ஆள் இல்லை என்று எழுதியிருந்தபோது நான் இருந்தேன். ஆள் உண்டு என்று எழுதிய பிறகு யாரும் இல்லை. இனி எழுதுகிறவர்கள் பார்த்து எழுதட்டும்.

எங்கள் இருவருக்கும் உப்புக் குவியலுக்குக் காவல் வேலை. இன்று விடியும் முன்பே வரப்பில் போனோம். அவன் முன்னால், நான் பின்னால். எதிரே காலடிச் சத்தம்.

“யாரு?”

மரியதாஸ் வாயைத் திறக்கவில்லை. எனக்காக நின்றான்.

“ரெண்டாளு!” என்றேன்.