பல்பு போடாத நட்சத்திரம்

என் ரோசக்காவுக்கு,

பக்கத்து வீட்டுப் பேச்சி எழுதுகிறேன். நல்லா இருக்கியான்னு எழுதத்தான் கை போகுது. கல்லறைக்குப் போனவளிடம் அதைக் கேட்கலாமா? தெரியலை. ஆனாலும் எழுதிட்டேன், அடிக்க மனசில்லை. நல்லா இருக்கியாக்கா?

இன்னைக்குக் கிறிஸ்துமஸ். மத்தியானம் தாண்டிருச்சு. தெருப் பிள்ளைகள் வெடி போட்டு ஓய்ந்து சாப்பிடப் போயிட்டாங்க. உன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்குது. ஆவணியில் உன்னை அடக்கம் பண்ணின பிறகு உன் மகன் சேவியர் பூட்டின பூட்டு. காலையில் என் வாசல் தெளிக்கும்போது உன் வாசலுக்கும் சேர்த்துத்தான் தெளிக்கிறேன். கோலம் மட்டும் போடுறதில்லை. "ஏட்டி, என் வாசல்ல கோலத்தப் போட்டுராத, சாமியாரு வீடு தப்பிட்டுன்னு திரும்பிப் போயிருவாரு"ன்னு நீ சொல்றது காதிலேயே நிக்குது.

இந்த வருசம் மழை நல்லா விழுந்தது. ஊருக்கு வெளியே உளுந்தும் மக்காச்சோளமும் பச்சையா நிக்குது. கல்லறைத் திருநாளைக்கு உன்னைப் பார்க்க வந்தேன். செருப்பில் கரிசல் அப்பி, காலைத் தூக்கவே முடியலை. உன் சொந்தக்காரங்க மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போகட்டும்னு கல்லறைக் கேட் பக்கமே நின்னேன். யாரும் என்னை வராதேன்னு சொல்லலை. வான்னும் சொல்லலை. எல்லாரும் போனபிறகு வந்து என் மெழுகுவர்த்தியையும் ஓரமா வச்சேன். நீ பார்த்தியா?

அக்கா, துக்கம்னா அதுக்கு ஒரு முறை இருக்கில்லையா. எங்க ஆட்களில் வீட்டில் ஒரு சாவு விழுந்தா அந்த வருசம் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம். பலகாரம் பக்கத்து வீடுகளில் இருந்து வரும். உங்க ஆட்களுக்கும் அதேதான். கிறிஸ்துமசுக்குப் பலகாரம் கிடையாது, வாசலில் ஸ்டார் கிடையாது, குடில் கிடையாது. அதைப் பார்த்தே தெருவுக்குத் தெரிஞ்சிரும், இது துக்க வீடுன்னு. யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தீபாவளிக்கு நான் சட்டி வைக்கலை. வைக்க முடியலைக்கா. மாவு இடிக்க அரிசி எடுத்தேன், நீ வந்து பாகுப் பதம் பார்க்க மாட்டியேன்னு நினைப்பு வந்தது, எடுத்ததை அப்படியே வச்சுட்டேன். எதிர் வீட்டு அருளாயி வந்தாள். "என்ன பேச்சி, உன் வீட்டு அதிரசத்தக் காணோம். முட்டி வலியா?" என்றாள்.

என்ன சொல்ல? எனக்குத் துக்கம்னு சொன்னா, உனக்கு யாருட்டி செத்தான்னு கேட்பாள். நீ எனக்குக் கூடப்பிறந்தவளா, சம்பந்தக்காரியா? ஆமா, முட்டி வலின்னு சொன்னேன். சாயங்காலம் ஒரு பாட்டில் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். சாத்தூரில் இருந்து என் மகள் போன் பண்ணினாள். அவளிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். "உனக்கு வேற வேல இல்லையாம்மா? அவிய வேதக்காரவிய. அவிய துக்கத்த அவிய பாத்துக்கிடுவாவ" என்று போனை வச்சிட்டாள்.

அப்புறம் டிசம்பர் பிறந்தது. போன கோடையில் நீ ஸ்டாருக்குன்னு மூங்கிலை வாங்கிச் சிம்பு சிம்பா சீவி, என் வீட்டுப் பரணில் காயப் போட்டு வச்சிருந்தாய். நீ எங்கே போனாய்னு அதுக்குத் தெரியாது. நல்லாக் காய்ஞ்சு கிடந்தது.

தீப்பெட்டி ஆபீசில் ஒரே வரிசையில் உட்கார்ந்து பெட்டி அடைச்ச காலத்தில் இருந்து, ஒரு டிசம்பரும் விடாமல் நாம ரெண்டு பேரும் ஸ்டார் கட்டினோம். குடிலுக்கு மருந்து முக்காத தீக்குச்சி, கூரைக்குத் தீப்பெட்டி அட்டை. பொம்மையெல்லாம் கரிசல் மண்ணில் பஞ்சைப் போட்டுப் பிசைஞ்சு நீ பிடிச்சது. பஞ்சு போடலைன்னா காயும்போது வெடிச்சிரும். ஒரு தடவை சாமியார் வந்து பார்த்துட்டு, "என்னம்மா, பாலன் இவ்வளவு கருப்பா இருக்காரு?" என்றார். "கோயில்பட்டியில பொறந்திருந்தா இந்த நெறந்தான் சாமி" என்று நீ சொன்னதுக்கு அவரே சிரிச்சிட்டார்.

ஸ்டாருக்கு ரெண்டு சட்டம். ரெண்டையும் ஒண்ணுமேல் ஒண்ணு வச்சு முனையில் கட்டணும். நடுவில் குட்டிக் குச்சிகளை முட்டுக் கொடுத்தா வயிறு உப்பும். "நல்லா முட்டுக் குடு பேச்சி, நெற மாசக்காரி மாதிரி இருக்கணும்" என்பாய். நான் பிடிக்கிற ஆள். நீ கட்டுகிற ஆள். அந்த முடிச்சை நான் படிக்கவே இல்லை. படிக்க வேண்டிய தேவை வரலையே. கட்டினதும் ஸ்டார் உன் வாசலுக்குப் போகும். உன் வாசலில் பிளக் பாயிண்டு கிடையாது, அதனால் வயர் என் வீட்டு சன்னல் வழியா வரும். "வெளிச்சம் ஒனக்கு, சுவிட்சு எனக்கு" என்பேன். "பாத்துக்கட்டி, கோவம் வந்தா அமத்திப்புடாத" என்பாய்.

சேவியர் கோயம்புத்தூரில் இருந்து போன் பண்ணினான்.

"சித்தி, இந்த வருசம் ஸ்டாரு, குடிலு ஒண்ணும் வேண்டாம் என்ன. துக்கம்லா."

"சரிப்பா" என்றேன்.

"அதுக்காவ நீங்க செய்யாம இருக்காதீங்க. ஒங்க வீட்டு வாசல்ல கட்டிக்கோங்க. ஒங்களுக்கு ஒண்ணும் துக்கம் கெடையாதுல்லா."

அன்பாத்தான் சொன்னான். அவன் மேல் ஒரு குத்தமும் இல்லை. சித்தி டிசம்பரில் சும்மா உட்கார்ந்தா ஏங்கிப் போவாள்னு அவனுக்குத் தெரியும். நான் போனை வச்சுட்டு அடுப்பில் சோறு பொங்கி வழியுறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். தீயைக் குறைக்கத் தோணலை.

எனக்குத் துக்கம் கிடையாதா அக்கா?

யோசிச்சுப் பார்த்தேன். ஸ்டார் கட்டாமல் இருந்தா அது யாருக்குத் தெரியும்? என் வாசலில் என்னைக்கு ஸ்டார் இருந்தது, இன்னைக்கு இல்லைன்னு சொல்ல? கட்டி வெளிச்சம் போட்டாலோ, பேச்சிக்குத் துக்கம் இல்லைன்னு நானே தெருவுக்குச் சொன்ன மாதிரி ஆயிரும். ரெண்டு பக்கமும் வழி இல்லை. பரணைப் பார்க்கிறதும் திரும்புறதுமா இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் சிம்பை இறக்கினேன். பிடிக்க ஆள் இல்லை. ரெண்டு சட்டத்தையும் கதவிடுக்கில் செருகி, முட்டியால் கதவை அழுத்திக்கிட்டு முனையைக் கட்டினேன். உன் முடிச்சு எனக்கு வரலை. கட்டினேன், அவிழ்ந்தது, திரும்பக் கட்டினேன். மைதாவில் பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சினேன். வெள்ளைத் தாள் வாங்கலாமான்னு கடையில் கொஞ்ச நேரம் நின்னேன். வெள்ளைன்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு நீ திட்டுவாய். சிவப்பே வாங்கினேன். ஒட்டி முடிச்சுத் தூக்கிப் பார்த்தா ஒரு முனை கோணிக்கிட்டு நிக்குது. வயிறு நல்லா உப்பியிருந்தது. அதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

என் வாசலில்தான் கட்டினேன். வயரும் ஹோல்டரும் உள்ளே விட்டேன். பல்பை மட்டும் போடலை. துணியில் சுத்தி அரிசிப் பானைக்குள் வச்சுட்டேன்.

தெருவில் எல்லா ஸ்டாரும் எரிஞ்சது. உன் வாசல் வெறும் வாசல். என் வாசலில் இருட்டு ஸ்டார்.

ஒரு நாள் விளக்கு வச்ச நேரத்துக்குக் கேரல் பாடுகிறவங்க வந்தாங்க. ஸ்டார் தொங்குற வீட்டில் நிக்கிறதுதானே வழக்கம். நின்னுட்டாங்க. டிரம்ஸ் அடிக்கிற ஆட்டோக்காரத் தம்பி அண்ணாந்து பார்த்தான். "பெரியம்மா, பல்பு போயிட்டா? இருங்க, ஆட்டோவுல ஒண்ணு கெடக்கு" என்று, நான் வாய் திறக்குமுன்னே வாசலில் கிடந்த நாற்காலியில் ஏறிட்டான். உள்ளே கையை விட்டுத் தடவினான். "ஏ, ஹோல்டர்ல பல்பே இல்ல."

எல்லாரும் சிரிச்சாங்க. "பெரியம்மா கரண்டு பில்லுக்குப் பயந்துட்டாவ" என்றது ஒரு குரல். அருளாயி பின்னால் நின்னாள். "சும்மா இருங்கலே. அவளுக்கு முட்டி வலி. ஏறி மாட்ட முடியாமக் கெடந்திருப்பா. இல்லட்டி?" என்றாள்.

ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவங்க பல்பு போட்டு, பாடிட்டுப் போயிருப்பாங்க. தீபாவளிக்கு அதைத்தானே சொன்னேன். உன் வீட்டுப் பூட்டைப் பார்த்தேன்.

"முட்டி வலி இல்ல. துக்கம்" என்றேன்.

"ஐயோ, யாரு பெரியம்மா?" என்று அந்தத் தம்பி நாற்காலியில் இருந்து இறங்கினான். கூட வந்த உங்க கோயில் உபதேசியார் ஐயா முன்னால் வந்தார். ஸ்டாரைப் பார்த்தார். உன் கதவைப் பார்த்தார். "டிரம்ஸக் கீழ வை தம்பி" என்றார். கிறிஸ்துமஸ் தாத்தா வேசம் போட்டவரைத் தள்ளி நிக்கச் சொன்னார். அப்புறம், துக்க வீடுகளில் சொல்லுவாரே, அதே குரலில் சொன்னார்.

"வீட்டுக்காரவிய முன்னால வாங்க."

எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க. அந்த வழியில் நான் ஒருத்திதான் நடந்தேன். கொட்டு இல்லாமல், மெதுவா ஒரு பாட்டு பாடினாங்க. உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினாங்க. எனக்கு உங்க ஜெபம் முழுசாத் தெரியாது. ஆமென் மட்டும் சொன்னேன். ஆவணியில் இருந்து உள்ளேயே வச்சிருந்த அழுகையை அன்னைக்குத்தான் வாசலில் நின்னு அழுதேன். அழாதேன்னு யாரும் சொல்லலை.

இன்னைக்குக் காலையில் அருளாயி ஒரு தட்டு கொண்டுவந்தாள். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, மேலே வாழையிலை. தட்டை வச்சுட்டு இடுப்பில் கையை ஊன்றினாள்.

"தீபாவளிக்கே சொல்லிருக்கலாம்லாட்டி. நானும் கோட்டிக்காரி மாதிரி தைலம்லா கொண்டு தந்தேன்."

"ஆமா."

"அத என்ன செஞ்ச?"

"தேச்சேன்."

"வலியில்லாத முட்டிக்கா?" என்று சிரிச்சாள். சிரிச்சுக்கிட்டே முந்தானையால் கண்ணைத் துடைச்சாள். உன் மேல் அவளுக்கும் பிரியம் உண்டுன்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சது.

சேவியர் கல்லறைக்கு வந்துட்டு நேரே இங்கே வந்தான். ஸ்டாருக்குக் கீழே வெகு நேரம் நின்னான். "இந்த மொன கோணிருக்கே சித்தி" என்றான். "முடிச்சு ஒங்கம்மா கை. எனக்கு வரல" என்றேன். பல்பு ஏன் இல்லைன்னு அவன் கேட்கலை. வரும் வழியில் உபதேசியார் சொல்லியிருப்பாரோ, என்னவோ. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான்.

"அருளாயி அத்த குடுத்தாவளா?"

"ஆமா. துக்க வீட்டுக்குன்னு."

தட்டைத் தன் பக்கம் இழுத்தான். "அப்ப எங்க பங்கும் இதுலதான, சித்தி?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே தட்டுதாம்ப்பா" என்றேன். ஒரு முந்திரிக்கொத்தை எனக்கு எடுத்துக் கொடுத்துட்டு அவன் ஒண்ணைக் கடிச்சான்.

பத்து மணி வண்டிக்குப் போயிட்டான். வீட்டை வாடகைக்கு விடணும்னு சொன்னான். பூட்டியே கிடந்தா கரையான் ஏறிருமாம். சரிதான். யாராவது வருவாங்க. வாரவங்க எப்படியோ? சன்னல் வழியா வயர் விட்டா வாங்கிக்கிடுவாங்களா? இல்லை, எங்க வீட்டிலேயே பிளக் இருக்குன்னு சொல்லிருவாங்களா?

இப்போ தெருவெல்லாம் பாட்டுச் சத்தம். நம்ம ரெண்டு வாசலும் மட்டும் சும்மா கிடக்குது. காத்தில் ஸ்டார் சுத்திச் சுத்தி, கோணல் முனை என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நீ பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு. சிரி. சொல்லிக் கொடுக்காமல் போனது நீதானே.

உலை வைக்க அரிசி எடுக்கும்போது அந்தப் பல்பு கையில் தட்டுப்படுது. தினமும் தட்டுப்படுது. இருக்கட்டும்னு அரிசியை மூடி வைக்கிறேன்.

ஜனவரியில் மூணு ராஜா திருநாள் முடிஞ்சதும் ஸ்டாரை இறக்கிப் பரணில் வச்சிருவேன். உன் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்தாவது படிச்சிருவேன். ஒரு வருசம் துக்கம் காக்கிறேன் அக்கா, முறைப்படி. அடுத்த கிறிஸ்துமசுக்குப் பானையில் கையை விட்டு அந்தப் பல்பை எடுப்பேன். யார் குடியிருந்தாலும் சரி, கேட்டுக்கிட்டு உன் வாசலில்தான் மாட்டுவேன். சுவிட்ச் என் வீட்டில்தானே இருக்கு. நானே போடுவேன். கோபம் வந்தாலும் அமத்த மாட்டேன்.

உனக்குத் துக்கம் காக்கிற
உன் தங்கச்சி,
பேச்சியம்மாள்