பகலில் எடுத்த பெட்டிகள்

அன்பு மகள் அமுதவள்ளிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம், சுகமாக என்று எழுதத்தான் கை வரவில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்து தபாலில் சேர்க்கிறேன்.

போன மாதம் அப்பா வரப்பில் விழுந்து முகம் வீங்கிவிட்டது என்று சொன்னது பொய் ஆத்தா. தேனீ கொட்டியதுதான். தோட்டத்தில் ஆறு பெட்டி வைத்து மூன்று வருஷமாக எத்தனையோ கொட்டு வாங்கியவர், அன்றைக்குக் கழுத்தில் ஒன்றே ஒன்று. உள்ளங்கை அரிக்கிறது என்றார், கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பால்சாமிதான் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்புக்கு அந்த விஷம் இனி ஒத்துக்கொள்ளாது, அடுத்த கொட்டுக்கு ஆஸ்பத்திரி வந்து சேருகிற வரை தாங்குவாரா தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ நர்ஸ், கேட்டால் எங்களைவிட நீதான் அதிகம் பயப்படுவாய் என்று அப்பாதான் என் வாயைக் கட்டிப்போட்டார்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாளே பெட்டியைத் திறக்கக் கிளம்பிவிட்டார். ராணி முட்டை வைக்கிறதா என்று அடையைத் தூக்கிப் பார்க்க வேண்டுமாம். பெட்டிகளைக் கொடுத்துவிடலாம் என்று அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் அவர் விருதுநகருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று காரியாபட்டி ஆனந்தகுமாரை லோடு வண்டியோடு வரச் சொன்னேன். அவரும் தேனீ வளர்க்கிறவர்தான். வந்ததும், "அக்கா, பகல்ல எடுக்கக் கூடாது. மேயப் போனதெல்லாம் திரும்பி வந்து எடமில்லாமத் தவிக்கும். பொழுது அடையட்டும்" என்றார். பொழுது அடைந்தால் அப்பா வந்துவிடுவார். இப்பவே எடுங்க என்று நான்தான் விரட்டினேன்.

வண்டி போன அரை மணி நேரத்தில் தெரிந்தது நான் செய்தது. முருங்கைப் பூவுக்கும் கருவேலம் பூவுக்கும் போயிருந்த தேனீக்கள் வந்து, பெட்டி இருந்த இடத்தில் அதே உயரத்தில் காற்றில் சுற்றின. பெட்டி இல்லை என்று அவற்றுக்குப் புரியவில்லை. நேரம் ஆக ஆக, பெட்டிக் கால்கள் நின்ற வெறுங்கல்லின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து, நினைத்ததற்கு முன்பே அப்பா வந்துவிட்டார். வேட்டி சட்டையோடு நேராக அங்கே போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். திட்டவில்லை அமுதா, திட்டியிருக்கலாம். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே சாயங்காலமாப் பாத்து ஏத்தி விட்டுருப்பேன்ல" என்றார். அது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனந்தகுமாருக்கு நானே போன் போட்டேன். அப்பா போனை வாங்கி, கூட்டம் குறைந்த பெட்டி ஒன்றைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார், அதில்தான் இடம் இருக்குமாம். அஞ்சரை மணிக்கு ஆனந்தகுமார் பெட்டியை இறக்கிவிட்டு, மதுரை ரோட்டுக்கு வேறு லோடு இருக்கிறது என்று போய்விட்டார். அப்பாவின் வலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு நான்தான் கிட்டே போனேன். அப்பா மோட்டார் ரூமுக்குள் நின்று ஜன்னல் வழியாகச் சொல்லச் சொல்ல, பெட்டி வாசலை அடைத்திருந்த கட்டையை எடுத்தேன். வேறு பெட்டித் தேனீக்களைக் காவல் தேனீ உள்ளே விடுமா என்று கேட்டேன். "வாயில தேனோட வாரத அது தடுக்காது, நீ தள்ளி நில்லு" என்று கத்தினார். சாரை சாரையாக உள்ளே போயின. இருட்டுகிறபோது கல்லின் மேல் செத்துக் கிடந்தவைதான் மிச்சம்.

அந்த ஒரு பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாம், நானே பார்த்துக்கொள்கிறேன், அவர் கிட்டே வரக் கூடாது என்று பேச்சு. உன்மேல் சத்தியம் செய்து கொடுத்தார். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் நாலு காலுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறது, இந்த வெயிலுக்கு ஒரே நாளில் வற்றிவிடும். மூன்று நாளாக நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து நான் ஊற்றப் போனால், நாலு கிண்ணமும் நிறைந்திருக்கிறது. அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, நீ கேள். அம்மா எழுதினாள் என்றே சொல், கோபித்தால் கோபிக்கட்டும்.

டூட்டி முடிந்து நேரத்துக்குச் சாப்பிடு. ஊசி மருந்து ஏதாவது வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அங்கே டாக்டரிடம் விசாரித்து எழுது, மறந்துவிடாதே. இருளப்பசாமி உங்கள் இருவருக்கும் துணை நிற்பார்.

உன் அம்மா,
சௌ. பொன்னுத்தாய்