எட்டாம் நம்பர் தடியும் பதில் கடமையும்

மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், ஆலோசனைக்குப் பிறகு, கடந்த திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, எட்டாம் நம்பர் தூண்டில் தடியை வைத்துக்கொள்வதென்றும் ஆறாம் நம்பர் தடியை உறையோடு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவதென்றும் இறுதி முடிவு எடுத்தேன். முடிவை அறிவித்தபோது மனைவி மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். ஆட்சேபனை எதுவும் பதிவாகவில்லை.

எட்டாம் நம்பர் உன்னுடையது. உன் மனைவி காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதிக்கு ஓட்டோவில் கொடுத்தனுப்பி எட்டு மாதமாகிறது. அந்தத் திங்கட்கிழமைதான் முதன்முதலாக உறையின் மூடியைத் திருகினேன். வாவிச் சேறு மணத்தது. அதற்கு மேலே கொஞ்சம் அத்தர். அதற்கும் மேலே உன் மகளின் நகப்பூச்சு. தூண்டில் ஈ கட்டி முடித்ததும் முடிச்சில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பாயே, அது. மூடியை மறுபடி திருகிவிட்டு, மேசையில் இருந்து உனக்கு இதை எழுதத் தொடங்கினேன். முடிக்க சனிக்கிழமை ஆகிவிட்டது. ஏன் என்பது கடைசியில் வரும்.

நம் ஊரில் மீன் பிடிப்பவர்களுக்கு வலை தெரியும், இரை குத்திய தூண்டில் தெரியும். இறகையும் நூலையும் ஊசியில் கட்டி, அதை ஒரு பூச்சி என்றோ இறால் குஞ்சு என்றோ மீனை நம்பவைக்கும் வேலை நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். சுனாமியில் கடல் வந்து போன பிறகு வீடு கட்டிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், திரும்பிப் போகும்போது உனக்கு இந்தத் தடியைத் தந்துவிட்டுப் போனார். அதற்கு ஈத்தூண்டில் என்று நாமே பெயர் வைத்தோம். "கந்தோர்ல இருந்து ஈ ஓட்டினது காணாதெண்டு இப்ப ஆத்துக்கயும் ஈ ஓட்டப் போறாங்க" என்று நம் அரசாங்க வேலையைச் சாடிச் சந்தியில் பேசிக்கொண்டார்கள். நீ கோபப்படவில்லை. "அனுபவம் உள்ள ஆக்கள்தானே மச்சான் செய்யோணும்" என்றாய்.

வெள்ளைக்காரருடைய ஈக்கள் இரண்டு மாதத்தில் முடிந்துபோயின. உன் சாச்சாவின் தறியில் விழுந்த சரிகைத் துண்டையும், அடுத்த வீட்டுச் சேவலின் கழுத்து இறகையும் வைத்து நீயே கட்டத் தொடங்கினாய். கலியாணச் சேலையின் கரையைப் போல மினுங்கும் அந்த ஈயைப் பார்த்து, எந்த மீன் இதை உணவென்று நினைக்கும் என்று கேட்டேன். "கொடுவாக்கு ரசன ஒண்டு இருக்கு. உனக்குத்தான் இல்ல" என்றாய். முதல் கொடுவா அதற்குத்தான் விழுந்தது. அதன் பிறகு உன்னோடு பேச ஒரு கிழமைக்கு ஏலாமல் இருந்தது.

ஆனால் நாம் சேர்ந்து மீன் பிடிக்கப் போனது ஓய்வுபெற்ற பிறகுதான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே கந்தோரின் காணிப் பகுதியில் எதிரெதிர் மேசையில் இருந்தோம். லீவுப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: பதில் கடமையாற்றுபவரின் ஒப்பம். நான் லீவு எடுத்தால் நீ பதில், நீ எடுத்தால் நான் பதில். இருவரும் ஒரே நாளில் லீவு கேட்டால் பதிலுக்கு ஆளில்லை என்று படிவம் கோர்த்த கோவை திரும்பி வரும். ஆகவே நீ தனியாக வாவிக்குப் போனாய், மறுகிழமை நான் உன் தடியோடு தனியாகப் போனேன், இடையில் உள்ள நாட்களில் மேசைக்குக் குறுக்கே அறிக்கை சமர்ப்பித்துக்கொண்டோம். சனி, ஞாயிறு இல்லையா என்று கேட்பவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையென்று பொருள். சனி டியூசன், ஞாயிறு கலியாண வீடு.

எனக்குப் பின் ஆறு மாதம் கழித்து நீ ஓய்வுபெற்றாய். மறுநாள் காலையிலேயே என் வீட்டு வாசலில் நின்றாய். கையில் ஒரு கட்டு லீவுப் படிவம். அரசாங்கச் சொத்தைக் களவெடுத்தாயா என்று கேட்டேன்.

"பழைய படிவம் மச்சான். புதுசு வந்த பொறகு இத எரிக்கச் சொன்ன. நான் எரிக்கிறத்துக்குத்தான் வீட்ட கொண்டு வந்த."

இருவரும் உட்கார்ந்து ஒழுங்காக நிரப்பினோம். காரணம்: தனிப்பட்ட அலுவல். லீவுக் காலத்தில் தங்கும் முகவரி: வாவி, இடுப்பளவு. பிறகு கை பழகிய பழக்கத்தில் பதில் கடமைக் கட்டத்தில் நான் உன் பெயரை எழுதி, நீ என் பெயரை எழுதி, ஒப்பமும் வைத்து, அங்கீகாரத்துக்காக என் மனைவியிடம் கொடுத்தோம். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சிவப்புப் பேனையோடு வாசித்துவிட்டு, நானா என்று அண்ணன் முறையில் அழைக்கும் உன்னிடம் கேட்டார்.

"இஞ்சேருங்க நானா, ரெண்டு பேரும் ஒண்டாத்தானே போறீங்க? இதில இவருக்குப் பதில் நீங்க, உங்களுக்குப் பதில் இவர். அப்ப ரெண்டு வீட்டையும் பாக்கிறது ஆரு?"

இருவருக்கும் சேர்த்து நாற்பத்துநான்கு வருட நிர்வாக அனுபவம். அந்தச் சிக்கல் கண்ணில் படவில்லை. "நீங்கதான் தங்கச்சி. இந்தக் கந்தோர்ல எல்லாத்துக்கும் பதில் நீங்கதான்" என்றாய் நீ. அவர் இரண்டு பெயரையும் வெட்டித் தன் பெயரை எழுதினார். அதன் பிறகு மூன்று வருடம், கிழமைக்கு ஒரு நாள், கிரான்குளத்துப் பின்பக்கக் கரையில் நாம் உத்தியோகபூர்வமாக லீவில் இருந்தோம்.

அந்த மூன்று வருடத்தில் மீனைப் பற்றிப் பேசியதைவிடச் சாமானைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். வேலையில் இருக்கும்வரை மேசையைக்கூட நமக்குத் தெரிவுசெய்ய விட்டதில்லை. ஓய்வில் திடீரென்று எல்லாவற்றுக்கும் தெரிவு வந்துவிட்டது. மெல்பேர்னில் இருக்கும் என் மகள் ஆறாம் நம்பர் தடி அனுப்பினாள். பிறகு மார்பு வரை வரும் றப்பர் காற்சட்டை ஒன்றும் அனுப்பினாள், குளிர் நாட்டு ஆறுகளில் அப்பா விறைத்துப் போகாமல் இருக்க. அதைப் போட்டுக்கொண்டு பங்குனி வெயிலில் வாவிக்குள் இறங்கினேன். நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாய்.

"எப்பிடி மச்சான், தண்ணி உள்ளுக்கு வருதா?"

"வெளியால வரல்ல."

"அப்ப வேர்வதானா? இறக்கிப் பாரு, மணல மீன் இருக்கும்."

அந்தச் சிரிப்புக்கு வாவியில் இருந்த மணலை மீன்கள் எல்லாம் அக்கரைக்குப் போய்விட்டன. அன்று ஒன்றும் விழவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை லைனைப் பற்றியது. எட்டாம் நம்பர் தடியோடு வந்த லைன் மஞ்சள். வாவியின் தண்ணீரில் அது கோயில் கயிறு மாதிரித் தெரிகிறது, கொடுவா பார்த்துவிடும் என்பது என் கட்சி. சாம்பல் பச்சையில் ஒன்று கேட்டு மகளுக்கு எழுதினேன். "கொடுவா என்ன, நம்மட கோவையத் திறந்து பாக்கப் போகுதா?" என்றாய். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை பின்னேரம் நீ கோல் எடுத்தாய்.

"தண்ணி தெளிஞ்சு கிடக்கு. நாளைக்கு விடியப் போவம்."

"லைன் வரட்டும். ஒரு கிழம பொறு."

"மஞ்சளக் கண்டு ஓடுற கொடுவா, உன்ட மூஞ்சக் கண்டு எப்பவோ ஓடியிருக்கும்."

"இல்ல, வரட்டும்."

"அப்ப சரி. உனக்கும் சேத்து நான் போறன். பதில் கடமதானே."

மறுநாள் காலை எட்டு மணிபோல வீச்சுவலைக்காரர் ஒருவர் உன்னைக் கண்டார். இடுப்பளவு தண்ணீரில், வலை கட்டும் கம்பொன்றை அணைத்தபடி, நின்றவாறே. இதயம் என்றார் டொக்டர். "பக்கத்தில ஒரு ஆள் நிண்டிருந்தா..." என்று தொடங்கியவர், நான் யாரென்று கேட்டறிந்த பிறகு அந்த வசனத்தை முடிக்கவில்லை. அன்று பின்னேரமே அஸர் தொழுகைக்குப் பின் உன்னை அடக்கினார்கள். வீட்டுக்கு வந்தபோது மேசையில் ஒரு பொதி இருந்தது. பத்து மணிக்குத் தபாற்காரர் கொண்டுவந்ததாக மனைவி சொன்னார். நிறம் நான் கேட்டது போலவே இருந்தது.

அன்று முதல் என் அசைவுகள் ஒழுங்குக்கு வந்தன. மகள் என் கைத்தொலைபேசியில் ஏதோ செய்து, நான் நிற்கும் இடம் மெல்பேர்னில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி வைத்திருக்கிறாள். சந்தியில் கச்சான் கடலை வாங்க நின்றால் ஐந்தாவது நிமிடம் கோல் வரும். "அப்பா, புள்ளி ஏன் அசையல்ல?" கேற்றுக்கு உள்ளே மனைவியின் ஆட்சி, வெளியே மகளின் ஆட்சி. இருவரும் என்மீது அன்பானவர்கள் என்பதால் மேன்முறையீடு செய்ய இடமில்லை. கிணற்றடியிலிருந்து கேற்று வரை நாற்பத்தொரு அடி. ஒரு நாளைக்கு எத்தனை தரம் நடக்கிறேன் என்பதையும் அந்தத் தொலைபேசியே எண்ணி அவளுக்குச் சொல்கிறது.

துணைக்கு ஆள் இருந்தால் வாவிக்குப் போகலாம் என்று ஒரு சலுகை இருந்தது. ஆள் தேடினேன். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் ஆர்வமாக வந்தார். தண்ணீரில் இறங்கமாட்டாராம். கரையில் நின்று தன் சீனி வருத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாராம். அந்த விண்ணப்பத்தை நானே நிராகரித்தேன்.

எனக்கு மீன் வேண்டியதில்லை, அதை உனக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீ நின்ற அந்த இடத்தில், இடுப்பளவு தண்ணீரில், உன் தடியில் அந்தச் சாம்பல் பச்சை லைனைப் போட்டு ஒரே ஒரு வீச்சு. அவ்வளவுதான். நீ எனக்காகப் போன அந்த ஒரு நாள் கடமையை நான் திரும்பப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. உன்னிடம் கேட்டு வாங்கிய அந்த ஒரு கிழமை எனக்கு இன்னும் முடியவில்லை. அதைத்தான் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கும் கேற்றுக்கும் நடக்கிறேன்.

தடியைப் பற்றிய முடிவுக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை, மனைவியிடம் இதைச் சொன்னேன். சொல்ல நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன்.

"உங்கட சிநேகிதர் நிண்டபடி போனவர். நீங்க விழுந்தா நான் ஆரப் புடிச்சுத் தூக்குற?"

"விழமாட்டன்."

"அவரும் அப்பிடித்தான் நினைச்சிருப்பார். சரி. நானும் வாறன். ஆனா நீங்க கணுக்காலுக்கு மேல ஆத்துக்க இறங்க ஏலா."

மகளிடமும் கேட்கப்பட்டது. அவள் கணவனோடு கலந்து பேசி, கணுக்கால் என்றே உறுதிசெய்தாள். கிரான்குளத்தில் வாவியின் ஆழம் மெல்பேர்னில் நிர்ணயிக்கப்பட்டது.

இன்று காலை போனோம். மனைவி குடையோடும் தேத்தண்ணிப் போத்தலோடும் கரையில் நின்றார். நான் சாரத்தை மடித்துக் கட்டி, சொன்ன ஆழத்தில் நின்றேன். தண்ணீர் தெளிந்திருந்தது. நீ அணைத்து நின்ற கம்பு அதே இடத்தில் நின்றது, எனக்கு அறுபது அடி முன்னால். ஈத்தூண்டிலில் லைன் முன்னால் எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவு தூரம் முதலில் பின்னால் போக வேண்டும். இடுப்பளவில் நிற்பவருக்குப் பின்னால் வெறும் தண்ணீர் இருக்கும். கணுக்காலளவில் நிற்பவருக்குப் பின்னால் கண்டல் மரங்கள் இருக்கும்.

வீசினேன். பின்னால் போன ஈ கண்டலின் மூன்றாவது கிளையில் கொளுவியது. ஈயைக் கட்டியிருந்த தங்கூசி நூலை அறுத்தேன். ஒன்பதே முக்காலுக்கு வீட்டில் இருந்தோம்.