பதிலுக்குக் காத்திருப்பது

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

பிசியோதெரபிஸ்டுகளுக்குப் புதிய ஆய்வுகளைச் சுருக்கிச் சொல்வதுதானே இங்கே மும்பை செம்பூரில் என் வேலை. வலிக்கிறதா என்று கேட்டபின், நோயாளி பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்றது இந்த வாரக் கட்டுரை. அதைச் செய்துபார்க்க, நோயாளியாக நடிக்க ஆளில்லை. என்னையே படுக்கவைத்தார்கள். தாராவியிலிருந்து வரும் தெரபிஸ்ட் ஸ்ரீதேவி அக்கா என் தோளில் கைவைத்து, "ஏ பிள்ள, வலிக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். தோளில் வலியே இல்லை. ஆனாலும் அழுதுவிட்டேன்.

"படுக்கச் சொன்னா, இவ பெரிய நடிகையால்லா இருக்கா!" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போனில் "நல்லா இருக்கியா?" என்று கேட்டதும் வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இசக்கிசெல்வி