முப்பத்து மூன்றில் பதினோரு நாள்

வடபாதி
8.9.2003

பேத்தி செம்மொழிக்கு அம்மாச்சி அம்சம் எழுதுவது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் நான், உன் தாத்தா மருதையன், உன் அப்பா இளவழகன், உன் மாமன் ரெத்தினம், கட்டிலில் உன் அம்மா செவ்வந்தி. பன்னிரண்டு வருஷமாகியும் யார் எங்கே நின்றார்கள் என்று சொல்வேன். கழுத்துப் புற்றுக் கட்டிக்குக் கரண்ட் வைத்து, தோல் கருகி, எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தாள். அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆறு மாதத்தில் போய்விட்டாள். கரண்ட் வைக்கலாம் என்று அழைத்துப் போனவன் ரெத்தினம்.

சிங்கப்பூரிலிருந்து வருகிறானாம், வீட்டில் சேர்த்துக்கொள் என்கிறாய். பெற்ற பிள்ளைதான், ஆனால் முடியாது. நீயும் ஜெர்மனியில் அதே கரண்டை வைத்துத்தான் படிக்கிறாயாமே. என் மகளை அது ஏன் கொன்றது என்று எழுது.

ஆற்றில் தண்ணீர் இல்லை. முழங்கால் வலி.

அம்மாச்சி

25.9.2003

அன்புள்ள அம்மாச்சி,

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்று ஒரு நூல் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும் முன் அந்த நூல் இரண்டு மடங்காகும். அப்படி ஆகி, செல் பிரியப்போகும் சமயத்தில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, பட்டால் பெரும்பாலும் தாங்காது. கரண்ட் அந்த நூலை அறுக்கும், அறுந்ததைச் சரிசெய்ய அப்போது நேரம் இருக்காது. எலி செல்லிலும் மனுஷ செல்லிலும் இதைத்தான் அளக்கிறேன்.

கட்டியில் எல்லா செல்லும் ஒரே நாளில் பிரியாது. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் வைப்பார்கள். தொண்டைத் தோலும் வேகமாகப் பிரிவது, அதனால் புண்ணாகும். பிறகு ஆறும்.

அம்மாவின் ஆஸ்பத்திரி சீட்டு என்னிடம் இருக்கிறது. முப்பத்து மூன்று நாள் என்று எழுதியிருக்கிறது. பதினொன்றோடு நிற்கிறது. முழுதும் வைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. யார் நிறுத்தியது, அம்மாச்சி?

செம்மொழி

வடபாதி
14.10.2003

செம்மொழி,

எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். புகையான் பூச்சிக்கு ஒரு தடவை மருந்தடித்தால் முட்டை தப்பிவிடும். பொரித்ததும் மறுபடி அடிக்கணும். வயலுக்கு இது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ரெத்தினம், "இன்னும் இருவத்திரெண்டு நாளுதாம்மா, பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க" என்று என் காலைப் பிடித்தான். "தங்கச்சிய வறுத்துத் திங்கவாடா பாக்குற" என்று கேட்டுவிட்டு, அவளைப் பஸ்ஸில் ஏற்றியவள் நான். உன் தாத்தாவும் அப்பாவும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். என்னை மறித்து யார் பேசுவார்கள்.

அவனை வரச் சொல். ஆறு காய்ந்து கிடக்கிறது, விரால் குழம்புக்கு ஆசைப்பட வேண்டாம் என்று சொல். அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். பெயரைக் கீழே எழுதுகிறேன்.

அம்சம்