திரைக்குப் பின்னால் ஏழாம் எண்

கடித எண்: 43
நாள்: 17 ஆகஸ்ட் 1991, சனிக்கிழமை
நேரம்: காலை மணி 6.40

அன்புள்ள மகளுக்கு,

நலம். உன் நலமும் மருமகன் நலமும் அறிய ஆவல். ஆகஸ்ட் 1 அன்று நீ எழுதிய கடிதமும் விமானச் சீட்டும் 12ஆம் தேதி, திங்கட்கிழமை, கிடைத்தன. பதில் ஐந்து நாள் தாமதமானதற்குக் காரணம் உண்டு. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தவறு. மே 25 அன்று, எங்கள் சிம்பொனி குழுவின் சென்ற பருவக் கடைசிக் கச்சேரியில், என் டிம்பனி முரசுகள் தொண்ணூற்றாறு தாளச் சுற்றுகள் மௌனமாக இருந்து, தொண்ணூற்றேழாவதில் ஒலித்திருக்க வேண்டும். எண்ணிக்கை பிசகி, ஒரு சுற்று முன்னதாக அடித்துவிட்டேன். வயலின்கள் மெல்ல அடங்கிக்கொண்டிருந்த இடம். முன்வரிசையில் ஒருவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தே விட்டார். மறுக்கவில்லை, தவறு என்னுடையது. ஆனால் என் வயதினுடையது அல்ல. முப்பத்தோராம் வயதிலும் இதே தவறைச் செய்தேன். அன்று எவரும் என் பிறந்த தேதியைக் கேட்கவில்லை.

ஜூன் 10 அன்று குழுவின் மேலாளர் அம்மாள் என்னை அழைத்தார். “வர்ற சீசன்ல நீங்க ஓய்வெடுத்துக்கங்க சார். முதல் கச்சேரியிலயே மேடையில பாராட்டி அனுப்பி வைக்கிறோம்” என்றார். உயிரோடிருப்பவனுக்கு எதற்கம்மா அஞ்சலி என்று கேட்டேன். அவர் தயங்கி, “உங்க வீட்டுலயும் அதைத்தான் விரும்புறாங்க” என்று ஒரு கடிதத்தை நீட்டினார். உன் கையெழுத்து. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, தனியாக இருக்கிறார், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று எழுதியிருந்தாய். இம்மூன்றில் நடுவில் உள்ளது மட்டும் உண்மை.

என் இடத்துக்குத் தேர்வு அறிவித்தார்கள். விதிகளை மூன்று முறை படித்தேன். வயது வரம்பு இல்லை. யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தேன். பெயர்ப் பட்டியலைப் பார்ப்பவர் அலுவலக எழுத்தர் ஒருவரே. அவர் வாயைத் திறக்காதவர்.

தேர்வு ஆகஸ்ட் 14, புதன்கிழமை. வாசிப்பவரை நடுவர்கள் பார்க்கலாகாது என்பதால் நடுவே கறுப்புத் திரை. நடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று காலணியையும் கழற்றச் சொன்னார்கள். பேசக் கூடாது. பெயர் கிடையாது, எண்தான். எனக்கு ஏழு.

தேர்வுக்குக் குறித்திருந்த நான்கு பகுதிகளையும் வாசித்து முடித்ததும் திரைக்கு அப்பாலிருந்து இசை நடத்துநரின் குரல்: “ஏழு, அந்தக் கடைசி உருட்டலை இன்னொரு தடவை வாசிங்க தம்பி. இன்னும் சன்னமா முடியுதா பாப்போம்.”

அவருக்கு வயது நாற்பத்திரண்டு. எனக்கு வரும் நவம்பர் 3 அன்று எழுபத்தொன்று. தம்பி வாசித்தான். இரு குச்சிகளாலும் முரசை இடைவிடாமல் அதிரவைத்து, மூச்சுவிடும் ஓசைக்கும் கீழே கொண்டுபோய் அதை நிறுத்தினேன். நடுங்கும் கையால் அது ஆகாது, மகளே.

மாலை மணி 4.10க்கு ஏழாம் எண்ணைத் தேர்ந்து திரையை விலக்கினார்கள். ‘தம்பி’ என்ற நடத்துநர் எழுந்து நின்றுவிட்டார். மேலாளர், “ஐயோ சார், பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழே அடிச்சாச்சே!” என்றார். “அன்னைக்கு என்னால வர முடியாதும்மா, மேடையில வேலை இருக்கு” என்றேன்.

ஆகவே ஆகஸ்ட் 30 விமானத்தில் நான் வரவில்லை. எனக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்திருப்பதாக எழுதியிருந்தாய். அதில் உட்கார்ந்து நான் எதை எண்ணுவது?

நீ என் வாசிப்பைக் கடைசியாகக் கேட்டது 1974 மார்ச் 9. இம்முறை, புதிய பருவத்தின் முதல் கச்சேரிக்கு, நீ வா. செப்டம்பர் 28, சனிக்கிழமை, மாலை 7.00, கதவை 6.55க்கு அடைத்துவிடுவார்கள். கேட்ட பிறகும் என்னை அழைத்துப்போகத் தோன்றினால் நேரில், என் முகத்தைப் பார்த்துச் சொல். முடியாது என்றுதான் சொல்வேன். ஆனாலும் நீ சொல்லி நான் கேட்க வேண்டும்.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க.

ஆசிகளுடன்,
பணியில் இருக்கும் உன் அப்பா

இணைப்பு:
1. விமானச் சீட்டு, பயன்படுத்தப்படாதது.
2. புதிய பருவத்தின் எட்டுக் கச்சேரிகளுக்கான நிரல். நான் வாசிப்பவை சிவப்பு மையில். எட்டும் சிவப்பு.
3. செப்டம்பர் 28க்கான நுழைவுச்சீட்டு ஒன்று. மாடி, முதல் வரிசை, இருக்கை 14. அங்கிருந்துதான் என் கைகள் தெரியும்.
4. மேலாளருக்கு நீ எழுதிய கடிதம், அசல். நகல் எடுத்துக்கொள்ளவில்லை.